ஆட்டுப்பட்டிக் காவல்

சத்திரசிகிச்சையில் முழங்கால் மாற்றிய பிறகு ஆனந்தராசாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை, காலை நீட்டிச் சோபாவில் கிடப்பது. கோழித் தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்றே உழைத்த மனிதனுக்கு அது தண்டனை. சில நாட்களிலேயே மனைவி புஷ்பராணியின் கறியில் உப்பு, புளி என்று குறை பிடிக்கத் தொடங்கினார். மேல்மாடி இப்திசாம் வந்து ஒரு வேலை கொடுத்திராவிட்டால், மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரு குடும்பம் இரண்டாகியிருக்கும்.

இப்திசாம் பாலஸ்தீனப் பெண். ஹெப்ரோனுக்குத் தெற்கே மலைச்சரிவில் உள்ள அவளது ஊரில், தம்பி நிதாலுக்கு ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. எதிர்க் குன்றில் இஸ்ரேலியக் குடியேற்றக்காரர் சிலர் கூடாரம் போட்டிருந்தார்கள். ஓர் இரவு அவர்கள் இறங்கி வந்து வைக்கோலைக் கொளுத்தி, பாதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். விடிந்த பிறகு வந்த இராணுவம், விசாரிக்க வேண்டுமென்று நிதாலைக் கொண்டுபோனது. இன்னொரு தரம் நடந்தால் பிள்ளைகளோடு பட்டணத்துக்குப் போய்விடுவேன் என்று நிதாலின் மனைவி சொல்லிவிட்டாள். குன்றில் இருந்தவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

திரும்பி வந்ததும் நிதால் தன் வீட்டுக் கூரையில் கமரா பூட்டினான். ஆனால் பகலெல்லாம் ஆடு மேய்க்கிறவன் இரவெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அங்கே ஊர் அடித்துப்போட்டதுபோல் தூங்கும் நேரம், மொன்றியலில் இரவுச் சாப்பாட்டு நேரம். அதனால் இங்கிருந்து இப்திசாம் பார்த்தாள். இப்போது அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மாலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஆட்களைக் கண்டால் இந்த நம்பரை அழுத்துங்கள், மிஸ்யூ ஆனந்த். தம்பி எழும்பி ஊரை எழுப்புவான். வெளிச்சமும் சனமும் கண்டால் ஓடிவிடுவார்கள்" என்றாள், பாதிப் பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த இரண்டு அரைகுறைகள்தான்.

ஆனந்தராசா போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார். கற்சுவர், தகரக் கூரை, சுவரோரம் ஓர் ஒற்றையடிப் பாதை. எப்போதாவது ஓர் ஆடு அசைந்தது.

"ஊரிலை எங்கட ஆட்டுக்குக் குழை ஒடிக்கச் சொன்னா ஓடி ஒளிப்பியள். இப்ப அரபுக்காரற்றை ஆட்டுக்குக் காவல்" என்றாள் புஷ்பராணி.

"இஞ்சரும், மறைக்காதையும்."

இரண்டாம் வாரம் அவர் பிழைவிட்டார். சுவரோரம் ஆறு பேர் வரிசையாக வந்தார்கள். கையில் போன் வெளிச்சம், தலையில் தொப்பி. நம்பரை அழுத்தினார். ஊரே தடியோடும் விளக்கோடும் வந்து ஆறு பேரையும் வளைத்தது.

அவர்கள் அதே ஊர்க்காரர். கல்லுடைக்கும் வேலை அந்த வாரந்தான் கிடைத்து, அன்று முதன்முதலாக அந்தப் பாதையால் போகிறவர்கள். இராணுவச் சோதனைச் சாவடியின் கதவு திறக்குமுன் போய் வரிசை பிடித்தால்தான் அன்றைக்குக் கூலி. அந்த அமளியில் பிந்திப் போய், வரிசையின் வாலில் நின்றார்கள். அவர்களுடைய முறை வருமுன் படையாள் கதவைச் சாத்திவிட்டான்.

"உங்கள் காவல்காரர் வேலைக்குப் போகிற மனிதரைக் கண்டதே இல்லையா என்று தம்பி கேட்கிறான்" என்றாள் இப்திசாம். சிரித்தாள், ஆனால் முழுக்கச் சிரிக்கவில்லை.

புஷ்பராணி அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் தமிழில் தொடங்கினாள். "ஓமந்தையிலை விடியமுதல் வரிசையிலை நிண்ட மனிசன். செக் பொயின்ற்றுக்குப் போற சனத்தைத் தெரியேல்லையோ?"

வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவனின் பிடரிதான் தெரியும். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு எல்லோரும் ஒரே கறுப்பு நிழல்தான். அது ஆனந்தராசாவுக்கு இப்போதுதான் விளங்கியது. விளங்கியது பிடிக்கவில்லை.

"ஒரு வழி இருக்கிறது" என்றாள் இப்திசாம். "கமராவுக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லலாம் என்கிறான் தம்பி."

"வேண்டாம்" என்றார் ஆனந்தராசா.

யாழ்ப்பாணத்தில் இராணுவச் சென்றியைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். தாண்டிய பிறகுதான் ஏறலாம். மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்தவனின் முகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"என்ரை போனுக்கு முன்னாலை ஒருத்தரும் தொப்பி கழட்டத் தேவையில்லை" என்றார் தமிழில். பிறகு பிரெஞ்சில் தேடித் தேடிச் சொன்னார்: "நான் பார்த்துப் பழகுகிறேன்."

பழகினார். முன்னால் போகிறவர் நொண்டுவார். ஆனந்தராசாவுக்கு மாற்றிய அதே வலது முழங்கால். இரண்டாமவன் ரொட்டியைத் தின்றுகொண்டே நடப்பான். கடைசியில் வருகிறவன் பட்டி மூலையில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவான், ஒவ்வொரு நாளும், வீட்டில் கட்டத் தெரியாதவன்போல. எல்லோரும் பாதி நித்திரையில் நடந்தார்கள்.

மொன்றியலில் உறைமழை கொட்டிய ஒரு மாலை, அவர் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தபோது, சுவரோரம் வெளிச்சங்கள் வந்தன. அதே பாதை, அதே தொப்பிகள். நேரம் மட்டும் கொஞ்சம் முந்தி.

விரல் நம்பர்வரை போய் நின்றது. மறுபடியும் பிழையென்றால் ஆறு பேருக்கும் கூலி போகும். அதற்குப் பிறகு இவருடைய அழைப்புக்கு யார் எழும்புவார்கள்?

"என்னப்பா?" என்றாள் புஷ்பராணி.

"ஒருத்தரும் நொண்டேல்லை."

"புது ஆக்களாயிருக்கும்."

"வேலைக்குப் போறவன் இப்பிடி நடக்கமாட்டான். இவங்கள் நல்ல முழிப்பிலை நடக்கிறாங்கள்."

அழுத்தினார். மணி போனது, ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். திரையில் ஒருவன் எதையோ தகரக் கூரையில் ஊற்றத் தொடங்கியிருந்தான். மூன்றாம் தரம் நிதால் எடுத்தான். உடனே வைத்தான். ஒரு வீட்டில் வெளிச்சம் வந்தது. பிறகு பல வீடுகளில்.

ஆனால் முதலில் வந்தது ஊர் அல்ல. பாதையின் கீழ்ப்பக்கமிருந்து, வேலைக்குப் புறப்பட்டிருந்த அந்த ஆறு பேரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள், நொண்டுகிறவர் கடைசியில். ஊற்றியவன் கையிலிருந்த தகரக் கானைப் போட்டுவிட்டுக் குன்றை நோக்கி ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள்.

ஆனந்தராசாவின் கையில் பிட்டு காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் இப்திசாம் சொன்னாள். இராணுவம் விடிந்த பிறகு வந்து எரிபொருள் கானை எடுத்துப் போனதாம். வழக்கு ஒன்றும் வராது. ஆறு பேருக்கும் அன்றும் கூலி இல்லை. இந்தத் தரம் ஒருவரும் முறையிடவில்லை. கூட்டம் குன்றில்தான் இருக்கிறது, திரும்பவும் வரும்.

"ஆனால் தம்பி மனைவி அடுத்த வருடத்து வைக்கோலுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்" என்றாள். "அவளே போன் பண்ணிச் சொன்னாள்."

அன்று மாலை திரையில் ஆறு பேரும் வந்தார்கள். நொண்டுகிறவர் கமராவுக்கு நேரே நின்றார். கழற்றாதே என்று ஆனந்தராசா மனதுக்குள் சொன்னார். அவர் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிவிட்டு நடந்தார். பின்னால் வந்தவன் கடித்த ரொட்டியைத் தூக்கிக் காட்டினான். சப்பாத்துக்காரன் கயிறு கட்டிக்கொண்டே கையை அசைத்தான்.

ஆனந்தராசாவும் கையை அசைத்தார்.

"அவைக்குத் தெரியாதப்பா" என்றாள் புஷ்பராணி. அகப்பையோடு அவள் கையும் மேலேதான் இருந்தது. பிறகு கேட்டாள்: "நீங்கள் வேலைக்குத் திரும்பினா பின்னேரத்திலை ஆர் பாக்கிறது?"

"காலமை வேலை கேட்டிருக்கிறன்."

"தராட்டி?"

"நீர் பாரும்."

"நான் எப்பவோ தொடங்கிட்டன். நீங்கள் குளிக்கப் போகேக்கை ஆடு தானாத் தன்னைப் பாத்ததெண்டு நினைச்சியளோ?"