விளக்குச் செருப்பு

வரவேற்பறை மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற அந்தப் பொன்னிற விளக்கைத் தொட்டால் சுர்ரென்றது. அதற்கு அந்த வீட்டார் கண்டுபிடித்த வைத்தியம், பக்கத்திலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. விளக்குப் போட வேண்டுமா, செருப்பை மாட்டிக்கொண்டு தண்டில் இருக்கும் சுவிட்சைத் தட்ட வேண்டும். பிறகு கழற்றி அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். அதற்கு விளக்குச் செருப்பு என்று பெயரே வைத்தாயிற்று.

"அது கரண்ட் இல்லம்மா. நல்ல உலோகம்னா லேசா ஒரு துடிப்பு இருக்கத்தான் செய்யும்" என்று மருமகளுக்கு விளக்கியிருந்தார் மாமனார். குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவரானதிலிருந்து மாமியார்கூட அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட்டாள். நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்த விளக்கை வெளிநாட்டுச் சரக்கு என்று எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி அதில் பழுது இருக்க வழியில்லை.

மருமகள்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். பிள்ளை இப்போதுதான் எதையாவது பிடித்து எழுந்து நிற்கப் பழகுகிறான். நாற்காலிக் கால், கதவு, யாருடைய முழங்காலாவது, எது கிடைத்தாலும் சரி. பளபளப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா மனசு கஷ்டப்படும். நீ கொஞ்சம் பாத்துக்கோயேன்" என்றான் அவன். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை.

அன்று மாலை சங்கக் கூட்டம் அவர்கள் வீட்டில். தலைப்பு, மின்சாரப் பாதுகாப்பு. பெருமைக்காக அந்த ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார் சேர்மன். மருமகள் பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடியே தேநீர் கொடுத்தாள். இறக்கிவிடச் சொல்லி அவன் நெளிந்தான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அலட்சியம்தான் நம்ம முதல் எதிரி" என்று சேர்மன் தொண்டையைச் செருமியபோது, விளக்கை ஒட்டி உட்கார்ந்திருந்த மேல்மாடித் தையல்காரர் சற்றுச் சாய்ந்தார். முழங்கை தண்டில் பட்டது. தேநீர் மடியில் கொட்டியது.

"என்ன சார், உங்க விளக்கு கடிக்குது?"

"கடிக்கிறதெல்லாம் இல்ல, சும்மா கிள்ளும்" என்றாள் மாமியார், வாய் தவறி. "செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் ஆகாது."

அறையே அந்தச் செருப்பைப் பார்த்தது. சேர்மனும் பார்த்தார். மாட்டினால் மானம் போய்விடும். வெறுங்காலோடு எழுந்துபோய்த் தண்டைக் கெட்டியாகப் பிடித்தார்.

"எங்கய்யா கரண்ட்? நல்லாப் பாருங்க."

சிரிப்பு முகத்தில் அப்படியே உறைந்தது. ஒரு புருவம் மட்டும் தனியாகத் துடித்தது.

"விட்டுடுங்க மாமா" என்று மருமகள் பதறியதில் பிடி தளர்ந்தது. பிள்ளை வழுக்கி இறங்கி, தவழ்ந்தே பறந்தான். தாத்தா பிடித்திருப்பதைத் தானும் பிடிக்கக் கை நீட்டினான்.

"தொடாத!"

சேர்மன் தண்டை உதறினார், பிளக்கைப் பிடுங்கினார், பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இருட்டில் தையல்காரர் குரல் கேட்டது. "கரண்ட் இல்லைன்னீங்களே?"

"எனக்கு இல்ல. பிள்ளைக்கு இருக்கும்."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் பிடிபடவில்லை. மருமகள் சுவர் விளக்கைப் போட்டாள். சமையலறையிலிருந்து கத்திரிக்கோலைக் கொண்டுவந்து, பிளக்கை ஒட்டி ஒயரை வெட்டத் தொடங்கினாள். மழுங்கிய கத்திரி, மென்றுகொண்டே இருந்தது.

பேரனை மடியிலிருந்து இறக்காமல் சேர்மன் எட்டிப் பார்த்தார்.

"அங்க இல்லம்மா, இன்னும் மேல வெட்டு. விளக்கை ஒட்டி அடியோட வெட்டிடு. இல்லன்னா நாளைக்கே நான் ஒட்டிருவேன்."