அவசரப்படாத அரக்கன்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வாய்ச்சண்டையில். சண்டை போட்டவர்கள் என் தங்கச்சியும் அவள் புருஷனும். காரணம், ஜப்பான்காரர்கள் செய்த ஒரு வீடியோ கேம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கதிரவன் மேற்கில் சாயும் பொன்மாலையில், கிடங்கின் ஜன்னல் வழியே சுமைக்காரர்…”

வேண்டாம். எங்கள் கிடங்கில் ஜன்னலே கிடையாது.

2

மச்சானும் நானும் அங்கே பெட்டி ஏற்றுகிறவர்கள். எழுத்துக் கூட்டக் கற்றதும் ஒரே வகுப்பில், தலை நரைத்த பிறகு. கற்றதிலிருந்து மச்சானுக்கு ஒரு குறை. எதைப் படிக்கப் போனாலும் அது ஓடிவிடுகிறது. பேருந்துப் பலகை ஓடுகிறது. படத்துக்கு அடியில் வரும் வரியும் ஓடுகிறது.

இந்த விளையாட்டில் யாரும் ஓடுவதில்லை. ஊர்க்காரர் ஒரு வரி பேசினால், பொத்தானை அழுத்தும்வரை அது அங்கேயே நிற்கும். சண்டையிலும் அப்படித்தான். நம் முறை முடியாமல் அரக்கன் அடிக்கமாட்டான். கோடாரியைத் தூக்கியபடி, கால் மாற்றி மாற்றி, நாம் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருப்பான். அப்படியொரு மேற்பார்வையாளரை நான் கண்டதில்லை.

(இது பல பாகங்களாக வருகிற விளையாட்டு. இதை விளையாடுகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அவர்களில் யாரோ நாலு புண்ணியவான்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து, ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும் தமிழ் எழுத்து சேர்த்திருக்கிறார்கள். கதையின் முடிச்சு இதுதான்.)

3

தங்கச்சி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். எழுத்துப் பக்கம் போகாதவள். விளையாட்டில் வரும் வாள்காரியை வைத்துச் சண்டை போடுவது அவள் பொறுப்பு, வாசிப்பு அவர் பொறுப்பு. ராஜா பேசினால் மச்சான் எங்கள் மேற்பார்வையாளரின் குரலில் வாசிப்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

விளையாட்டில் வரும் ஊரில் மருந்துக்கடைக்காரம்மா ஒருத்தி. கதைக்கு அவளால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் ஊரில் எது நடந்தாலும், கடலுக்குப் போன மகளைப் பற்றிப் புதிதாக ஒன்று சொல்வாள். அதைக் கேட்க மச்சான் தினமும் ஊரைச் சுற்றி வருவார்.

[மச்சானை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேன். குறட்டையையும் எங்காவது சேர்க்க வேண்டும்.]

4

பெரிய அரக்கன் இருக்கும் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டார்கள். திரை கேட்டது: “இனித் திரும்ப முடியாது. உள்ளே போகலாமா?”

“மருந்துக்கடைக்காரம்மாவ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க.”

“நேத்து அவங்க சரியா பேசல.”

“நாம வாசல்லயே நின்னா, உள்ள காத்திருக்கற அந்த அரக்கனுக்கே கால் வலிக்கப்போகுது.”

இப்படி ஒரு வாரம். உண்மைக் காரணத்தை மச்சான் பெட்டிகளுக்கு நடுவில் என்னிடம்தான் சொன்னார்.

“அடுத்த பாகமெல்லாம் ஜப்பான் எழுத்து மச்சான். இது முடிஞ்சா நான் எதைப் படிக்கறது?”

5

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: உள்ளே போகிறார்கள். அரக்கன் சாய்கிறான். தங்கச்சி துள்ளிக் குதிக்கிறாள்.

இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள்.

“ஜெயிச்சாச்சு, சரி. அப்புறம் இவரு எனக்கு எதை வாசிச்சுக் காட்டுவாருண்ணே? இந்த முடிவ அடிச்சிரு.”

அடித்தேன்.

இரண்டாம் முடிவு: போகவே இல்லை. தினமும் மருந்துக்கடை, தினமும்

மச்சான் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். “மாசக்கணக்கா அந்த வாள்காரிய வளத்து வச்சிருக்கா உங்க தங்கச்சி. அவள வாசல்லயே நிறுத்தறது நியாயமா? இதையும் அடிங்க.”

6

ஆக, என்னிடம் முடிவே இல்லை. இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் மறுபடி சண்டை. உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு இப்போது மச்சான் “ஆம்” என்கிறார். தங்கச்சி “இல்லை”க்கு இழுக்கிறாள். ஒருவர் கட்சிக்கு மற்றவர் தாவிவிட்டதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

நான் கழன்றுகொள்கிறேன். பொத்தான் உங்கள் கையில். எதை அழுத்தினாலும் சரி. ஆனால் மச்சான் அந்தக் கேள்வியை ராஜா குரலில் மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறார், அவள் இப்போதே சிரிக்கிறாள். வாசித்து முடிக்கட்டும்.