தாமரை அரிசி

…வராது, வரக் கூடாது, மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விட்டால் குமட்டல் அடங்கும் என்று எத்தனை நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறாள் மியென், ஆனால் மூக்கால் இழுத்தால்தானே இந்த வாசம் உள்ளே வருகிறது, சரி, வாயால் இழுக்கலாம் என்றால் அது நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, இனிப்பாக, பச்சையாக, கொஞ்சம் சோம்பு போல… கூடம் முழுக்கத் தாமரை. ஈரப் பாயில், இலைகளின் மேல், குவியல் குவியலாக. விடியும் முன் பறித்தது, இதழ்களுக்குள் இன்னும் ஹனோயின் மேற்கு ஏரிக் குளிர்ச்சி இருக்கிறது, திறந்த கதவு வழியே ஏரியும் தெரிகிறது, வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் ஆடுகிறது, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து ஆகா ஆகா என்கிறார்கள். மியென் மட்டும் தன் கையிலிருந்த பூவின் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காம்புக்கு வாசம் கிடையாது. காம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தக் காலை கடந்துவிடும். கடந்துவிடுமா?

பக்கத்தில் லுவானின் அம்மா. முதுகு வளையாமல், சாம்பல் நிறச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பூவை ஒரு குழந்தையின் முகத்தைத் திருப்புவது போலத் திருப்பிப் பார்க்கிறார். வாசனை சோப்புகூடப் போடாதவர் என்று லுவான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். வரும் வாரம் அவர்கள் வீட்டில் பெரியவரின் நினைவு நாள், முன்னோர் மேடையில் தாமரைத் தேநீர் வைக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் கடையில்தான் வாங்குவார்களாம், இந்த வருடம், “நாமளே செஞ்சு வைப்போம் மியென், நீயும் வாயேன்” என்று போனில் சொன்னார். நீயும் என்றால் என்ன அர்த்தம்? பரீட்சையா? மணமாகாத பெண்ணின் கையால் செய்த தேநீரைச் செத்துப்போன பெரியவர்கள் குடித்துப் பார்த்துத் தேர்ச்சி என்று சொல்வார்களா? “சும்மா கூப்பிடறாங்க, பயப்படாதே” என்றான் லுவான், ஹைஃபோங்கில் ஏதோ பாலம் கட்டுகிற இடத்திலிருந்து, பின்னால் இரும்பு இடிபடும் சத்தம். பயம் அதற்கு இல்லை லுவான். உனக்குத் தெரியாது. உனக்கு மட்டுமா, யாருக்குமே தெரியாது. விடுதிக் குளியலறையில் அந்தச் சின்னக் குச்சியில் இரண்டாவது கோடு மெல்லத் தெளிந்து வந்ததை அவளும் சுவரிலிருந்த பல்லியும்தான் பார்த்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒஸாகா. அங்கே ஒரு மருத்துவமனை, வேலை உறுதியாகிவிட்டது. வேலை முடிந்து பேருந்தில் நின்றபடியே படித்துப் படித்து வாங்கிய ஜப்பானிய மொழி, இப்போதும் கனவில் யாரோ அந்த மொழியில் வலி எங்கே என்று கேட்கிறார்கள், இவள் பதில் சொல்கிறாள்… லுவானிடம் சொன்னால் சந்தோஷத்தில் குதிப்பான், அதுதான் பயம். இவன் குதிப்பான், அவன் அம்மா ஜோசியரிடம் நாள் கேட்பார், அத்தைகள் துணி எடுப்பார்கள், ஊரிலிருந்து அப்பா விருந்துக்குப் பன்றி விலை விசாரிப்பார். போகாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போக முடியாமல் போய்விடும், அவ்வளவுதான். ஆகவே யாருக்கும் தெரியக் கூடாது, இவள் ஒரு முடிவுக்கு வரும்வரை தெரியவே கூடாது, அதுவும் இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த நேர் முதுகுக்குத் தெரிந்தால் இன்று மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

“இங்க பாருங்க, இதான் தாமரை அரிசி.” தேநீர் செய்யக் கற்றுத்தரும் தோவா அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது, வீட்டுக்காரர் இன்னும் ஏரியில் படகோட்டிக்கொண்டிருக்கிறார், இவள் கூடத்தில் குரலோட்டிக்கொண்டிருக்கிறாள். இதழ்களைச் சரசரவென்று பிரித்து எறிந்தாள், நடுவில் மஞ்சள் இழைகள், ஒவ்வோர் இழையின் நுனியிலும் நொய் போல ஒரு வெள்ளை மணி. விரலை வளைத்து ஓர் இழுப்பு, வெள்ளை மணிகள் முறத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. “வாசம் மொத்தமும் இதுக்குள்ளதான். கூடை கூடையாப் பூ பிய்ச்சாலும் ஒரு கிண்ணம் தேறாது. இதைத் தேயிலையோட அடுக்கு அடுக்கா மூடி வச்சு, காய வச்சு, மறுபடி புது அரிசி போட்டு… அவசரக்காரங்க எழுந்து போயிடலாம், பணம் திருப்பித் தர மாட்டேன்.” எல்லோரும் சிரித்தார்கள். மியெனும் சிரித்தாள், உதட்டால். விரல்களுக்கு வேலை பழகிவிட்டது, பிரி, வளை, இழு, பிரி, வளை, இழு, இதழ்கள் மடியில் சின்னச் சின்னப் படகுகளாக விழுந்தன, ஒவ்வொரு படகிலும் ஏறி ஒருத்தி எங்கேயோ போய்க்கொண்டிருக்கலாம், போகிறவள் முகம் தெரியவில்லை, கையசைக்கிறாளா… எல்லாம் போன பிறகு காம்பின் நுனியில் மிஞ்சியது பொகுட்டு. கட்டைவிரல் அளவு, இளம் மஞ்சள். அதன் தட்டையான முகத்தில் குழி குழியாக, குழிக்குள் கண் திறக்காத விதைகள். இதை என்ன செய்வது? கேட்டே விட்டாள். “அதுவா, கூடையில போடும்மா. தேநீருக்குப் பூவைப் பறிச்சா விதை கிடையாது, விதை வேணும்னா பூவை விட்டுடணும். ரெண்டும் ஒரே தண்டுல கேட்டா தாமரை என்ன செய்யும், பாவம்.” தோவா அக்கா சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். மியென் பொகுட்டைக் கூடையில் போடவில்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு கூடையில் போட்டாள்.

அதற்குள் மறுபடியும் அலை, வயிற்றின் அடியிலிருந்து. காதுக்குப் பின்னால் விரல் தானாகப் போனது, விரலை மூக்கருகில் கொண்டுவந்தாள், அப்பாடா, அந்தக் காரக் குளிர்ச்சி, பச்சைத் தைலம். தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, கொசுக்கடிக்கு, பரீட்சை பயத்துக்கு, காற்றுப் பட்டதற்கு, காற்றுப் படாமல் இருப்பதற்கு, எல்லாவற்றுக்கும் அம்மா தடவிய தைலம், இந்த நாட்டில் அந்தக் குட்டிப் பாட்டில் இல்லாத கைப்பை உண்டா? காலையில் விடுதிப் படியில் தலை சுற்றியபோது காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, தொப்புளைச் சுற்றி ஒரு சொட்டு. அப்புறம்தான் கையை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், போய்விட்டது என்றுதான் நினைத்தாள்… தோவா அக்கா நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி ஒரு தரம் முகர்ந்தாள், வேட்டைநாய் போல. “யாரு பச்சைத் தைலம் போட்டிருக்கறது?”

கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நேத்து போன்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், சென்ட் வேணாம், தைலம் வேணாம்னு. தேயிலை திருட்டுப் பய மாதிரி, பக்கத்துல எது இருந்தாலும் சுருட்டிக்கும். எல்லார் அரிசியும் ஒரே முறத்துல விழுது. ஒரு விரல் தைலம் போதும், மொத்தத் தேயிலையும் மருந்துக்கடைதான்.” எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த குயெத், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், கையைத் தூக்கினார். “என் பொண்டாட்டியோட தலையணையில படுத்தா சளியே பறந்துடும். ஆனா இன்னிக்குத் தடவலை, சத்தியம், நானே மோந்து பார்த்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்.” “வாயை மூடிக்கிட்டு பூவைப் பிய்யுங்க” என்றாள் மனைவி. சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் தோவா அக்கா வரிசையாக வருகிறாள், குனிந்து, முகர்ந்து, நகர்ந்து… சொல்லிவிடலாம். தலைவலி என்று சொல்லலாம். ஏன் தலைவலி, ராத்திரி தூங்கலையா, முகம் ஏன் வெளுத்திருக்கு, காலையில சாப்பிட்டியா, ஏன் சாப்பிடலை… எதிரே உட்கார்ந்திருக்கும் மூதாட்டிகள் வரிசையில் ஒருத்தி போதும், மீதியை அவளே கட்டி முடித்துவிடுவாள். “மணியடிக்கறதுக்கு முன்னாடியே சோறு தின்னுட்டாளா?” என்று, கல்யாணத்துக்கு முன்பே வயிற்றில் பிள்ளை வந்தவளைப் பார்த்து ஊரில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு இப்போதே காதில் விழுகிறது. ஆனால் சொல்லாவிட்டால் முறம் கெடும், இத்தனை பேர் பிய்த்த பூ, அந்தப் படகோட்டியின் விடியற்காலை, நினைவு நாள் தேநீர்… வாயைத் திறந்தாள். நாக்கில் தாமரை.

“நான்தான்.”

அவள் குரல் இல்லை. லுவானின் அம்மா. முறத்திலிருந்து கையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். “காலையில ஸ்கூட்டர்ல வரும்போது பனிக்காத்து. கழுத்துல கொஞ்சம் தடவினேன். மறந்துட்டேன், மன்னிக்கணும்.” தோவா அக்கா முகத்தில் எரிச்சல் அப்படியே தெரிந்தது. “பெரியம்மா, உங்களைப் பார்த்தா எல்லாம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க, நீங்களே இப்படிச் செஞ்சா எப்படி? அங்க, வாசல்படிக்கிட்ட போய் உட்காருங்க. முறத்தைத் தொடாதீங்க.” “பார்த்தியா, ஹனோய்க்காரங்களுக்கும் காத்துப் படுது” என்று குயெத் மனைவியின் தோளை இடித்தார். ஒருவேளை லுவானின் அம்மாவை யாரும் இப்படிக் கூட்டத்தில் அதட்டியதே இல்லையோ, காது மடல் சிவந்துவிட்டது, இருந்தும் முதுகு வளையவில்லை. எழுந்தார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். “மியென், நீயும் வாம்மா. எனக்குத் தனியா உட்கார்ந்தா போரடிக்கும். கையை அந்தத் தொட்டியில நல்லாக் கழுவிட்டு வா.” கையை. நல்லா. மியென் எழுந்து போய்த் தொட்டியில் கையை விட்டபோது இவள் உதிர்த்த அரிசி மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் இருப்பதைப் பார்த்தாள், முறத்தில் சேராமல் யாரோ முன்பே ஒதுக்கி வைத்திருந்தார்கள். லுவானின் அம்மா போகிற போக்கில் அந்தக் கிண்ணத்தை எடுத்து, தோட்டத்தில் கொட்டிவிட்டு வந்தார்.

வாசல்படியில் காற்று இருந்தது. குமட்டல் நின்றிருந்தது, எப்போது நின்றது? இருவர் மடியிலும் உதிர்ந்த இதழ்கள், அடுக்கிக் கட்டுவதுதான் தண்டனைக்காரர்களின் வேலை. எப்போதிலிருந்து தெரியும் இவருக்கு? இன்று காலை ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோதா, போன வாரம் மீன் குழம்பைத் தள்ளி வைத்தபோதா, இல்லை “நீயும் வாயேன்” என்று கூப்பிட்டபோதேயா? கேட்பார், இப்போது கேட்பார். என்ன சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது… அவர் இதழ்களைப் பெரியது சிறியதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏரியைப் பார்த்தார். அன்னப்பறவை வடிவப் படகு ஒன்று ஆளில்லாமல் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு, யாருக்கோ சொல்வது போல, “போன மாசம் சமையலறையைப் பெருசாக்கினோம். லுவான் சொன்னானா?”

“இல்ல பெரியம்மா.”

“பின்வாசலைச் செங்கல் வச்சு அடைச்சாச்சு. இப்ப எங்க வீட்டுக்கு முன்வாசல் ஒண்ணுதான்.” ஓர் இதழை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், கறை இருந்தது, எறிந்தார். “யாரு வந்தாலும், எப்ப வந்தாலும், அந்த வழியாத்தான்.”

சித்தி மகள் தாமின் கல்யாணம். வின் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம், மழை, முன்வாசலில் சிவப்புத் தோரணம், பட்டாடை கட்டிய தாமை மட்டும் பின்பக்கமாக அழைத்துப் போனார்கள், பன்றித் தொழுவத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி, சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, வயிற்றில் பிள்ளையோடு வரும் மணப்பெண் முன்வாசலில் நுழைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று, யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. தாம் திரும்பிப் பார்த்தபோது மியெனுக்குப் பதினைந்து வயது, அந்தப் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறாள்… அடைத்தாச்சு என்றாரே. சமையலறைக்காகவா? போன மாதம் என்றால் அப்போது இவளுக்கே தெரியாது. அப்படியென்றால் தற்செயல். இல்லை, இப்போது இதைச் சொன்னது தற்செயல் இல்லை. எப்ப வந்தாலும் என்றாரே, அந்த எப்ப எவ்வளவு நீளம்? இந்த மாதமா, ஒஸாகாவுக்குப் போய்த் திரும்பிய பிறகுமா, வராமலே போனாலும் அந்தக் கதவு அப்படியே இருக்குமா? கண் எரிந்தது. தைலக் கையால் தேய்த்திருப்பாள்.

“பெரியம்மா…”

“ம்?”

நேர் முதுகு திரும்பவில்லை. காத்திருக்கிறாரா, வெறும் ‘ம்’ தானா? உள்ளே தோவா அக்கா யாரையோ அதட்டுகிறாள், குயெத் பாடத் தொடங்குகிறார், மனைவி நிறுத்தச் சொல்கிறாள், தாமரை வாசம் படியைத் தாண்டி வந்து போகிறது, இப்போது அது வெறும் வாசம், குளிர்ந்த காலைப்பொழுதின் வாசம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஏன் என்று கேட்டிருந்தால், எத்தனை வாரம் என்று கேட்டிருந்தால், போகாதே என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால்கூட, அழுது, சண்டை போட்டு, ஒஸாகாவை அவர் காலடியில் எறிந்துவிட்டு வாழ்நாள் முழுக்க அவர் மேல் கோபமாக இருந்திருக்கலாம். அப்படி ஒரு வசதியைத்தான் இத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாளா? அவர் கேட்கவில்லை. இதழ்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். நன்றி தோன்ற வேண்டிய இடத்தில், மியெனுக்கு அவர் மேல் லேசாக, மிக லேசாக, கோபம் வந்தது.