தலைமாடு கால்மாடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்குத்தான் சவுரிக்காரிக்குத் தன் தப்பு தெரிந்தது. ஒரு நிமிடம் முன்புவரை நிம்மதியாகத்தான் இருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவள் கடை: ஒரு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, பசைச் சட்டி, இடுக்கிகள், ஆணியில் தொங்கும் முடிக்கற்றைகள். தட்டைத் துடைத்து வைக்கலாமென்று எடுத்தவள், வியாழக்கிழமை வேலையில் பசை தோய்த்து மிஞ்சிய நாலு கொத்துகளில் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துச் சும்மா உருட்டினாள். சும்மா இருக்கிற கை இல்லை அது. முடி மெல்ல ஊர்ந்தது. ஆனால் ஊர வேண்டிய பக்கம் ஊரவில்லை.

முடி வைக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி இது. முடிக்கும் மீனைப் போலச் செதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது வேரிலிருந்து நுனிப் பக்கமாகப் படிந்திருக்கும். விரலிடையே தேய்த்தால் முடி எப்போதும் வேர்ப்பக்கமாகவே நகரும். அந்த வேர்ப்பக்கத்தைத்தான் சூடான பசையில் தோய்த்து உருட்டி, சின்ன வளையத்துக்குள் விட்டு, சொந்த முடியோடு சேர்த்து இடுக்கியால் நசுக்க வேண்டும். வேர் மேலே, நுனி கீழே, எல்லாம் ஒரே திசை. தலைமாடு கால்மாடாகப் போனால் செதிலும் செதிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கடையில் வாங்கும்போது முடியின் மேல் வழுவழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அது இருக்கிறவரை குட்டு வெளிப்படாது. முதல் தடவை தலைக்குக் குளித்ததும் பூச்சு போய்விடும். அதற்குப் பிறகு அது முடி இல்லை, தேங்காய் நார்.

மற்ற மூன்று கொத்துகளையும் உருட்டிப் பார்த்தாள். பசை இருந்த பக்கம் நகர்ந்தது ஒன்று. எதிர்ப்பக்கம் நகர்ந்தவை இரண்டு. ஆக நாலில் மூன்று தப்பு. தட்டிலேயே இப்படி என்றால் தலையில் எத்தனையோ?

வேறு யார் தலையாக இருந்தாலும் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். போன் பண்ணி, கூப்பிட்டு உட்காரவைத்து, அசடு வழிந்து, சரிசெய்து அனுப்பியிருப்பாள். இது நாத்தனார் தலை. அவளுக்குச் சவுரிக்காரி என்று பெயர் வைத்த அதே நாத்தனார்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாலு வருஷத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு வீட்டில், யாரோ "உங்க அண்ணி என்ன பண்றாங்க?" என்று கேட்டதற்கு, "ஊரான் முடியை ஊரான் தலையில ஒட்டுவாங்க. சவுரிக்காரி!" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. இவளைக் கட்டின புருஷனும் சேர்ந்துதான் சிரித்தான். பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது, சின்னப் பிள்ளைகள்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தன. அன்றோடு அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது.

போன வருஷம் டீச்சர் காய்ச்சலில் விழுந்தாள். வாரக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்ததாம். புருஷன் தங்கையைப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொன்னான். 'நல்லா வேணும்' என்று அண்ணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அன்று சாப்பாடுகூட ஒரு பிடி கூடுதலாக இறங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை என்பது அவளுக்கு இன்றைக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

வியாழக்கிழமை காலை, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த டீச்சர்தான் கடை வாசலில் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை மறுபடியும் வேலைக்குப் போகணும் அண்ணி. இந்தத் தலையோட நாப்பது பிள்ளைங்க முன்னாடி என்னால நிக்க முடியாது."

முளைத்த முடி காதைத் தொடும் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் வளையம் பிடிக்க அது போதும். "உக்காரு" என்றாள் அண்ணி. நாலு வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை.

மூன்று மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கழுத்துப்பக்கம் முடிந்து, பின்தலைக்கு ஏறும்போது டீச்சர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஒரு சவுரி வைக்க இவ்வளவு நேரம் ஆகுமா அண்ணி?" என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, வாய்க்கு வந்ததைக் கேட்டாள். ஆனால் அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததும் அண்ணிக்குச் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த கற்றையை வெடுக்கென்று இழுத்தாள். ரப்பர் அறுந்து, முடி மடியிலிருந்து தரையில் சரிந்தது. பல்லைக் கடித்தபடி வாரியெடுத்துத் தட்டிக் கட்டினாள். எந்தப் பக்கம் வேர் என்று உருட்டிப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக ஒரு நாளும் விடாத காரியம் அது.

"மூணு நாள் தலையை நனைக்காதே. ஞாயித்துக்கிழமை காலையில வெதுவெதுன்னு தண்ணி வச்சுக் குளி. திங்கக்கிழமை பளபளன்னு இருக்கும்" என்று சொல்லி அனுப்பியதும் அவள்தான். போகும்போது டீச்சர் வாசலில் நின்று, அண்ணியின் கையை ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டுப் போனாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஐந்து தடவை போன் அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. புருஷனை எழுப்பி அவன் போனிலிருந்தும் அடிக்கச் சொன்னாள். அதையும் எடுக்கவில்லை.

"குளிச்சிட்டு இருப்பா. அப்புறம் பேசிக்கலாம்" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"குளிக்கக் கூடாதுன்னுதானே அடிக்கிறேன்!"

"குளிக்கக் கூடாதா? நல்லா இருக்கே. தலை போற காரியமா இது?"

"ஆமா, தலைதான்" என்று இடுக்கி, வளையம், சீப்பு, பசைச் சட்டி எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய், அங்கே நின்று சரியாக மாட்டினாள்.

பேருந்து வரப் பதினொரு நிமிடம். வந்தது, ஏறினாள், உட்கார இடம் கிடைத்தது, உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநருக்கு ஞாயிற்றுக்கிழமை மெத்தனம். பச்சை விளக்கைப் பார்த்துக்கூட யோசித்துத்தான் நகர்ந்தார். 'இப்போது தண்ணீர் சுட வைத்திருப்பாள். இப்போது துண்டை எடுத்திருப்பாள்.' அண்ணி வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் டீச்சர் நினைப்பாள். நினைக்காமல் என்ன செய்வாள்? நாலு வருஷக் கோபத்தை மனசில் வைத்திருந்து, தலையைக் கையில் கொடுத்ததும் பழி தீர்த்துவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேசும். ஊர் பேசட்டும். வாசலில் நின்று கையைப் பிடித்தாளே, அந்தக் கையை இனி அவள் நீட்டவே மாட்டாள். அதுதான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் வேண்டாத நாத்தனார் திடீரென்று ஏன் இவ்வளவு வேண்டியவளாகிவிட்டாள் என்று அவளுக்கே புரியவில்லை.

இன்னொரு பக்கம் மனசு நச்சரித்தது. வேண்டுமென்று செய்யவில்லை, சரி. ஆனால் உருட்டிப் பார்க்காமல் விட்டது யார் கை?

டீச்சர் இருந்தது மூன்றாவது மாடியில். கட்டடத்தின் பக்கவாட்டுக் குழாயிலிருந்து சோப்பு நுரை சாக்கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எந்த மாடித் தண்ணீரோ. அதைப் பார்த்தபடி ஒரு நொடி நின்றவள், பையை அணைத்துக்கொண்டு படியேறினாள். இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

மணியை அடித்தாள். உள்ளே காலடிச் சத்தம் வந்தது, கதவருகே நின்றது, திறக்கவில்லை.

"நான்தான், அண்ணி."

"தெரியும் அண்ணி. அப்புறம் வாங்களேன். எனக்குக் கொஞ்சம் உடம்பு..."

"கதவைத் திற."

திறந்தாள். தோளில் துண்டு. தலையின் பின்பக்கம் முழுக்க ஒரே உருண்டையாகத் திரண்டு, அதன் நடுவில் சீப்பு ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. என்ன சொல்வதென்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததை அண்ணி சொல்லப் போனாள்.

ஆனால் முந்திக்கொண்டது டீச்சர்.

"திட்டாதீங்க அண்ணி. நீங்க வெதுவெதுன்னு சொன்னீங்க. நான் என்னமோ ஞாபகத்துல கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன். ஊத்தினதும் இப்படிச் சுருண்டுக்கிச்சு. உங்க போன் வந்தப்பவும் இந்தச் சீப்போடதான் போராடிட்டு இருந்தேன். எந்த முகத்தோட எடுப்பேன்?"

அண்ணி வாயைத் திறந்தாள். "ஆமா, சூடு ஆகாது" என்றது வாய்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவள் காதில் விழுந்தது. தப்பித்தாயிற்று. இதைவிடச் சுலபமாக யாரும் தப்பித்திருக்க முடியாது. தானாகவே பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி முன்னால் நிற்கிறாள்.

குளியலறையில் முக்காலியைப் போட்டு டீச்சரை உட்காரவைத்தாள். உருண்டையில் எண்ணெய் விட்டு, முதலில் சீப்பை மீட்டாள். பிறகு இடுக்கியால் வளையத்தைத் திருப்பி அழுத்தி, அதன் வாயைத் திறந்து, ஒவ்வொரு கொத்தாக உருவினாள். சொந்த முடி அறுந்துவிடக் கூடாது, இருப்பதே கொஞ்சம். உருவிய கொத்தைக் கழுவி, துண்டில் வரிசையாகப் போட்டாள். கை இயல்பாக ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தது. சரி, தப்பு, தப்பு, தப்பு.

டீச்சரோ மன்னிப்பு கேட்பதை நிறுத்தவில்லை. "நாலு மணி நேர உழைப்பு அண்ணி. ஒரு சொம்புத் தண்ணியில நாசம் பண்ணிட்டேன்."

"விடு."

"லீவு நாள்ல உங்களை ஓட வச்சுட்டேன்."

"விடுன்னு சொல்றேன்ல."

டீச்சர் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, சுவரைப் பார்த்தபடி, "உங்களை என்னென்னவோ பேசியிருக்கேன். நாலு பேர் முன்னாடி அந்தப் பேரை வச்சதும் நான்தான். நீங்க ஒண்ணுமே மனசுல வச்சுக்காம, 'உக்காரு'ன்னு ஒரே வார்த்தை சொன்னீங்க. உங்க மனசு எனக்கு வராது அண்ணி" என்றாள்.

அண்ணியின் கை நின்றுவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நல்ல பெயரைத் தாங்க முடியவில்லை.

"சூட்டுனால இல்ல" என்றாள்.

"என்ன?"

"முடி இப்படி ஆனது சூட்டுனால இல்ல. தப்பு என்னுது. கற்றை கீழ விழுந்துச்சு. வேர் எது, நுனி எதுன்னு பாக்காம எடுத்துக் கட்டிட்டேன். பாதிக்குப் பாதி தலைகீழா வச்சிருக்கேன். நீ பச்சைத் தண்ணியில குளிச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

டீச்சர் முக்காலியிலேயே திரும்பினாள். வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"தெரிஞ்சு செஞ்சீங்களா?"

"இல்ல. நீ சவுரின்னு சொன்ன, எனக்குக் கோபம் வந்துச்சு, கை தவறிடுச்சு. வேணும்னு செய்யல."

"சரி. அதை இப்ப ஏன் சொல்றீங்க? நான்தான் சூடுன்னு நம்பிட்டேனே."

"இன்னும் இருக்கு" என்றாள் அண்ணி. நிறுத்தினால் மறுபடியும் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரிந்தது. "உனக்கு முடி கொட்டுதுன்னு உங்க அண்ணன் வந்து சொன்னாரே, அன்னைக்கு நான் சந்தோஷப்பட்டேன். நல்லா வேணும்னு நினைச்சேன். இது கை தவறினது இல்ல. தெரிஞ்சுதான் நினைச்சேன்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் எழுந்து அதை இறுக மூடினாள். திரும்பி வந்து உட்காரவில்லை. அண்ணி இடுக்கியைப் பையில் வைக்கலாமா, கையிலேயே வைத்திருக்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"எத்தனை நாள்?" என்றாள் டீச்சர்.

"என்ன எத்தனை நாள்?"

"எத்தனை நாள் சந்தோஷமா இருந்தீங்க?"

மழுப்ப அவளிடம் தெம்பில்லை. "ரெண்டு நாள். மூணாவது நாள் உங்க அண்ணன் மறுபடியும் வந்து, நீ வீட்டுக் கண்ணாடி எல்லாத்தையும் துணி போட்டு மூடி வச்சிருக்கறதா சொன்னாரு. அதுக்கப்புறம் முடியல."

டீச்சரின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அழப்போகிறாள் என்று அண்ணி பயந்தாள்.

"ரெண்டே நாளா?" என்றாள் டீச்சர். "நானா இருந்தா ஒரு மாசம் இருந்திருப்பேன் அண்ணி."

சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். "சீக்கிரம் ஆகட்டும். நாளைக்கு எட்டரைக்கு முதல் மணி அடிச்சிடும்."

ஒரு கையில் முடியும் மறு கையில் இடுக்கியுமாக இருந்த அண்ணி, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடுத்த கொத்தைப் பிடித்தாள்.