ஐந்து நூலும் ஒரு வாயும்

பகலவன் மேலைக்கரை மாடங்களின் பின்னே சாய்ந்து, அகன்ற ஆற்றின்மேல் மஞ்சள் ஒளியைப் பரப்ப, எரிந்துபோன பழம்பாலத்தின் செங்கற்றூண்கள் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்க, அவற்றினிடையே தோணிகள் அசைந்து செல்லும் மாலைப்பொழுதில், கற்றறிந்தீர், கரையோரக் கல்லூரியின் நூலகச் சாளரத்தருகே ஒரு பெண் சினம் பொங்க ஏடு புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோணிக்காரர் மகள். உடன் பயில்வோர் அவளுக்கு இட்ட பெயரோ கொள்ளிக்கட்டை. பாலம் வந்ததால் பிழைப்புக் கெட்டதென்று வெகுண்டு, முன்னொரு காலத்தில் தோணிக்காரரே அதன் மரத்தளத்துக்குத் தீயிட்டனர் என்பது ஊர்ப்பேச்சு. விளையாட்டாய் வைத்த பெயர்தான். முள்ளை விளையாட்டாய்க் குத்தினால் மட்டும் வலிக்காமலா போகும்? அவள் தந்தையோ அத்தூண்களைக் கடக்குந்தோறும் தலைகுனிந்தே துடுப்பு வலிப்பார்.

பாலம் எரிந்த செய்தியை வழிநூல்களைக் கொண்டு ஆராய்ந்து எழுதுமாறு வரலாற்றாசிரியை பணித்திருந்தார். கண்டவர் எழுதியது முதனூல். கேட்டும் படித்தும் பின்னோர் எழுதியது வழிநூல். இங்கே முதனூல் ஒன்றும் எஞ்சவில்லை. வழிநூல் ஐந்தே இருந்தன. குலப்பழி துடைக்கலாம் என்று ஆவலோடு புகுந்தவளுக்கோ கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஐந்தும் தோணிக்காரரையே சுட்டின.

"என்னம்மா, முகத்தை இப்படித் தூக்கி வெச்சிருக்கே?" என்றவாறு ஆசிரியை அருகமர்ந்தார்.

"அஞ்சு பேரும் ஒண்ணாச் சொல்றாங்கம்மா. அஞ்சு பேருமா பொய் சொல்வாங்க?"

"பொய்யான்னு அப்புறம் பாக்கலாம். அஞ்சு பேருதானான்னு முதல்ல பாரு. யாரு யாரைப் பாத்து எழுதினாங்க?"

அவள் அடிக்குறிப்புகளைப் பற்றிக்கொண்டு, நூலுக்கு நூல் பின்னோக்கி நடந்தாள். ஒவ்வொன்றும் தனக்கு மூத்ததையே கைகாட்டியது. மேலும் ஐந்திலும், "கருங்கல் தூண்களின் மேல் அமைந்த பாலம்" என்றே இருந்தது. சட்டென்று தலைநிமிர்ந்து சாளரத்தின் வழியே நோக்கினாள். செங்கற்கள் மாலை வெயிலில் சிவந்து நின்றன.

"அடப்பாவிகளா, ஒருத்தர்கூட ஆத்துப்பக்கம் எட்டிப் பாக்கலையே" என்று அவள் சிரிக்க, ஆசிரியைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மூத்த நூலை மீண்டும் விரித்தாள். "தோணிக்காரர் செயல் என்று ஊரார் கூறுவர்" என்பதே அதன் சொல். பின்வந்த நால்வரும் ஊராரை விட்டுவிட்டுத் தோணிக்காரரை மட்டும் பிடித்துக்கொண்டனர்! மனம் துள்ள, தன் கட்டுரையின் முடிவில், "தோணிக்காரர் தீயிடவில்லை" என்று எழுதி நீட்டினாள்.

ஆசிரியை அவ்வரியின்மேல் விரல் வைத்தார். "இதுக்கு யாரு சாட்சி?"

அவள் கண்கள் கலங்கின. "அப்பா இதைப் படிக்கணும்னு காத்துக்கிட்டிருக்காரும்மா."

"தெரியும்டா கண்ணு. எனக்கும் ஆசைதான். ஆனா சாட்சியில்லாம நீயும் எழுதினா, இது ஆறாவது நூல்தானே?" என்று சொல்லி, அவள் தலையை மெல்ல வருடினார். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். பின் அவ்வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

துறையில் தோணியைக் கட்டியபின் தந்தை அக்கட்டுரையை எழுத்தெழுத்தாய்ப் படித்தார். இறுதி வரியை அவர் வாய்விட்டே படித்தார்: "தீயிட்டவர் இன்னார் என்று அறிய வழியில்லை."

"தெரியாதுன்னு எழுதியிருக்கே."

"ஆமாப்பா. அதுக்குமேல எழுத மனசு வரல. கோவமா?"

அவர் தாளை நனையாமல் மடித்து அவளிடமே தந்தார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து எல்லாரும் தெரியும் தெரியும்னுதான் சொன்னாங்க. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான்மா."

பிறகு மகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குத் துடுப்பு வலித்தார். பழி முற்றும் நீங்கவில்லை. உண்மை ஆற்றோடு போனது போனதுதான். ஆயினும் அன்று செங்கற்றூண்களைக் கடக்கையில், அவர் அவற்றை ஒவ்வொன்றாய் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே சென்றார்.