ஏரிக்கரைப் பட்டணம்

தேசப்பனின் உடலைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மகள் ஆரோக்கியமேரி சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டு, தொங்கிய வலது கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

ஸ்டுடியோக்காரர் சடையப்பன் தான் கொண்டுவந்த திரைச்சீலையைப் பின்சுவரில் மாட்டினார். ஏரிக்கரையில் ஒரு பட்டணம், பொழுது சாயும் நேரம். போட்டோவில் நிறம் விழாது என்பதால் வானம், படித்துறை, படகு எல்லாம் கறுப்பிலும் சாம்பலிலும்தான். ஆனாலும் அப்போதுதான் ஏற்றிய சன்னல் விளக்குகள் தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அவரு வரைஞ்ச சீனுத் துணி முன்னாடியே போட்டோ எடுக்கணும்னு எடுத்தாந்தேன்" என்றார். "முன்னல்லாம் ரொம்ப இருட்டா போடுவாரு. படுத்தப்புறந்தான் கை தெளிஞ்சிது. இந்த வெளிச்சம் திருவள்ளூர்ல எவனுக்கும் வராது."

மேரி அவர் மடியிலிருந்த வலது கையை நேராக்கினாள். எழுபத்தோராம் வருஷம் வாதம் அடித்ததிலிருந்து அந்தக் கை ஒரு டம்ளரைக்கூடத் தூக்கியதில்லை. தெருக்கதவைச் சாத்தித் தரையில் துணியை விரித்து அவள்தான் வரைந்தாள். அவர் கட்டிலில் கிடந்தபடி, "இன்னும் கறுப்பு வையி" என்பார். அவள் வைக்கமாட்டாள். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "வெளியில சொல்லிடாத மேரி" என்பார்.

"கும்மிடிப்பூண்டியில புதுக்கடை தொறக்கறேன். ரெண்டு சீனு வேணும். இனிமே யார்கிட்ட போறது?" என்றார் சடையப்பன்.

"நான்..." என்றாள் மேரி.

அண்ணன் சின்னராசு திரும்பினான். "நீ இன்னா? துணிமணிய கட்டி வெச்சுக்கோ. காலைல ஆரம்பாக்கம் போறோம். உங்கண்ணிக்கு இது மாசம், கூட ஆளில்லாம பேஜாரு. இனிமே நீ அங்கதான்."

"இல்லண்ணா, நைனாவுக்கு கை..."

தேசப்பனின் தலை மார்பில் சரிந்தது. இரண்டு முறை நிமிர்த்தினார்கள். நிற்கவில்லை.

"யாராச்சும் பின்னால குந்திக்கினு புடிச்சா போதும். ஆளு தெரியக்கூடாது" என்றார் சடையப்பன்.

"மேரி, நீ பின்னால போ. ஃபாதர் வர்ற நேரமாவுது." சின்னராசு தலையை வாரிக்கொண்டு நாற்காலிக்கு அருகில் வந்து நின்றான்.

நாற்காலிக்கும் திரைக்கும் இடையில் அவள் முழங்காலிட்டாள். அப்பாவின் தோளில் போட்ட போர்வையை இழுத்து அவளையும் மூடினார்கள். உள்ளிருந்தபடியே பிடரியைத் தாங்கினாள். சில்லென்றிருந்தது. முதுகுப் பக்கம் திரைச் சாயத்தில் கலந்த வஜ்ஜிரப் பசை மணத்தது.

"மூச்சு கூட வுடாத."

போர்வையின் இழைகளுக்குள் ஒரு வெளிச்சம் வெடித்து அணைந்தது. அவள் கையை எடுக்கப் போனாள்.

"இன்னொண்ணு" என்றார் சடையப்பன். "அப்பிடியே இரு."

அவள் அப்படியே இருந்தாள்.