கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய ஆம்புலன்ஸ்

கருமத்தம்பட்டியிலிருந்து பீளமேட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓட்டியவன் இந்த உலகத்திலேயே நான் ஒருவன்தான். வழியில் நானூறு லாரி, ஒரு கல்யாண ஊர்வலம், ஆயிரம் ஆடு. ஓர் ஆட்டின் மயிரைக்கூட வண்டி உரசவில்லை.

இதை எங்கே சொன்னாலும் சிரிக்கச் சிரிக்கக் கேட்பார்கள். கருமத்தம்பட்டி பாலுசாமி மட்டும் அப்போதெல்லாம் சிரிக்கமாட்டார். “பொய்யுங்க. கண்ணுல தூசி உழுந்துச்சு, அவ்வளவுதான்” என்று எழுந்து போய்விடுவார்.

நான் ரிட்டையரான மறுவருஷம், தொண்ணூற்றெட்டில், அவருடைய தம்பி ரவிக்குமார் தன் மகளுக்குக் காது குத்தினான். ஆம்புலன்ஸில் என்னோடு வந்த நர்ஸ் மெர்சியையும் என்னையும் முதல் பந்தியில் உட்கார வைத்தான். ரவிக்குமாருக்கு இடது கை பாதிதான் வேலை செய்யும். ஆனால் ஆள் இருக்கிறான், பெண்டாட்டி இருக்கிறாள், காது குத்த ஒரு மகள் இருக்கிறாள். பாலுசாமி பாயச வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார்.

“டிரைவரண்ணா, அந்தக் கதைய எடுத்து உடுங்க” என்றான் ரவிக்குமார். “எனக்குத்தான் அன்னிக்கு நெனவே இல்லியே.”

விடுவேனா?

அது நடந்து அப்போது ஐந்து வருஷம். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரே வண்டி. உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றி வருவதும் அதில்தான், உயிர் போனவரை வீட்டில் கொண்டுபோய் இறக்குவதும் அதில்தான். அன்றைக்கு அவினாசியில் ஒரு பெரியவரின் உடலை இறக்கிவிட்டு நானும் மெர்சியும் திரும்பிக்கொண்டிருந்தோம். கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் விழாத குறையாக வந்து நின்றார். தறியின் பெல்ட்டில் தம்பியின் கை மாட்டிவிட்டதாம். ரத்தம் நிற்கவில்லையாம்.

மெர்சி தறிக்குடோனுக்குள் ஓடினாள். ரவிக்குமாரின் மேற்கையில் ரத்தக்குழாயை விரலால் அழுத்திப் பிடித்தாள். நாலு பேர் அவனைத் தூக்கி வந்தார்கள். நான் பின்கதவைத் திறந்தேன்.

வண்டி முழுக்கச் செவ்வந்திப்பூ. மிதிபட்ட மாலை. ஊதுபத்தி வாசம்.

இங்கே வரைக்கும் பந்தியில் அப்படியே சொன்னேன். இதற்கப்புறம் கதைக்குக் கை கால் முளைத்துவிடும்.

“அப்ப வந்தான் பாருங்க ஒருத்தன்! பத்தடி உசரம், மொறம் மாதிரி பல்லு! ஒரு மூட்டை மொளகாய்ப்பொடிய அப்படியே தூக்கி எம் மூஞ்சில கொட்டுனான்!”

பந்தி குலுங்கியது. அந்தத் தெருக்காரர்கள் சிலர் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்கள்.

வந்தது பத்தடி ராட்சசன் இல்லை. கையை விரித்து எங்களை நிறுத்திய அதே பாலுசாமிதான். “பொணம் ஏத்துன வண்டிலயாடா எந்தம்பிய ஏத்தறீங்க? அவன் இன்னும் சாகலடா!” என்று கத்தினார். அதற்குப் பின் யார் அடித்தார்கள், யார் உதைத்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் காக்கிச் சட்டை கிழிந்தது. மெர்சியின் முடியைப் பிடித்து இழுத்தார் பாலுசாமி. பக்கத்து வீட்டில் இடித்து வைத்திருந்த மிளகாய்ப்பொடியை ஒரு கை அள்ளி என் முகத்தில் வீசியவரும் அவர்தான். நடுரோட்டில் உட்கார்ந்து, அத்தனை பெண்கள் பார்க்க, ‘அம்மா அம்மா’ என்று அலறினேன். காப்பாற்ற வந்த இடத்தில் அடி வாங்கினேன் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அதனால்தான் ஆயிரம் ஆட்டைக் குறுக்கே விடுகிறேன்.

அப்போது மெர்சியின் குரல் கேட்டது. கத்தவே இல்லை.

“அடிங்க. ஆனா நா வெரல எடுத்தா இவரு செத்துப்போயிருவாருங்க. அடிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க, கெளம்பலாம்.”

முடியை இழுத்தபோதும் அவள் விரலை எடுக்கவில்லை. தெரு அடங்கிவிட்டது. யாரோ என் முகத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். எரிச்சல் இன்னும் பரவியதே தவிர, கண் திறக்கவில்லை. நாலு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

“நா மொபெட்டு ஓட்டுவேனுங்க” என்றார் பாலுசாமி, ஈனஸ்வரத்தில்.

கிளட்ச்சும் பிரேக்கும் கியரும் நான். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது அவர். “வலது பக்கமுங்க… லாரி வருதுங்க… மெதுவாங்க, மெதுவாங்க.” கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னை ‘டா’ போட்டவர், இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ வைத்தார். நடுநடுவே தேம்பினார். கையெல்லாம் மிளகாய்ப்பொடி, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. “எந்தம்பிக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் பின்னாலிருந்து மெர்சி, “நேராப் பாத்து ஓட்டுங்கண்ணா” என்பாள். அண்ணாவாம்! அவள் தலைமுடியில் ஒரு கொத்து குடோன் வாசலிலேயே கிடந்தது.

இது எதையும் பந்தியில் சொல்லவில்லை. “பத்தடி ராட்சசன் பயந்து வால்பாறை வரைக்கும் ஓடிப்போயிட்டான்” என்று முடித்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ரவிக்குமார் சிரிக்கவில்லை.

“வெளையாட்டு போதுமுங்ணா. இவங்க வெரலாலதான் நா உசுரோட உக்காந்திருக்கேன். இவங்க முடியப் புடிச்சு எவனோ இழுத்தான்னு கேள்விப்பட்டேன், அவன் இந்தத் தெருவுலதான இருப்பான்? எல்லாத்துக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டீங்கறீங்க? சிஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்க.”

மெர்சி தன் இலையைக் காட்டினாள். “பாயசம் ஊத்தச் சொல்லுங்க.”

பாலுசாமி அவளுக்கு நேராகத்தான் நின்றிருந்தார். கரண்டி வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. வழக்கம்போல ‘பொய்யுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போவார் என்றுதான் நான் நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“பத்தடியெல்லாம் இல்ல ரவி. அஞ்சரையடிதான். நாந்தான்.”

ரவிக்குமார் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

“பொடிய வீசுனதும் நாந்தான், சிஸ்டர் முடியப் புடிச்சதும் இந்தக் கைதான்.” அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “டிரைவரண்ணன் கண்ணத் தொறக்கவே இல்ல. பீளமேடு வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் வந்தாரு. அத்தனையும் நடந்துதுங்க.”